பதினேழு பொட்டலம்

ஜுபைலில் அந்த ரமலானுக்கு
எங்கள் கேம்பில் ஆயிரத்து நூறு பேர்.
ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் நாற்பது நாள்.
படிவத்தில் ஒரு கேள்வி கூடுதலாகச் சேர்த்தார்கள்:
நோன்பு உண்டா? ஆம் / இல்லை.

கணினியில் ஏற்றியது நான்.
மெஸ்ஸுக்கு இரண்டு பட்டியல் எடுத்துக் கொடுத்ததும் நான்.
'ஆம்' என்றவர்களுக்கு விடியுமுன் சஹர் சாப்பாடு,
'ஆம்' அல்லாத எல்லோருக்கும் மதியப் பொட்டலம்.
கோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்;
கோட்டின் மேல் யார் நிற்கப் போகிறார்கள்
என்றுதான் இருந்தேன்.

முதல் நாள் மதியம் மூன்று மணிக்கு
பீரான் கோயா மெஸ்ஸிலிருந்து கூப்பிட்டார்.
"சஹருக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு,
மதியத்துக்கு நானூற்று எழுபத்தொன்று.
கூட்டிப் பாரு.
பதினேழு பேரை எங்கே வெச்சே?"

தேடினால் அங்கேயேதான் இருந்தார்கள்,
பெயர், இக்காமா எண், ரத்த வகை, பூட்ஸ் அளவு
எல்லாவற்றோடும்.
நோன்புக் கட்டம் மட்டும் காலி.

காலிக் கட்டத்திடம்
நீ 'ஆம்'தானா என்று கேட்டால்
தெரியாது என்கிறது.
சரி, 'ஆம்' இல்லைதானே என்றால்
அதற்கும் தெரியாது.
தெரியாது என்பவனை
வாசலில் நிற்பவன் உள்ளே விடுவதில்லை,
போ என்றும் சொல்வதில்லை.
சிவப்பில் ஒரு பிழைச் செய்தி வந்திருந்தால்
பதினேழு பேரும் சாப்பிட்டிருப்பார்கள்.

அறை அறையாகப் போனேன்.
நைனா லெப்பைக்குச் சர்க்கரை, தினம் ஊசி.
'இல்லை' என்று எழுதக் கை வரவில்லையாம்,
'ஆம்' என்று எழுத மனசு வரவில்லையாம்.
பிம் பகதூருக்குப் படிவத்தின் அரபியும் புரியவில்லை,
ஆங்கிலமும் புரியவில்லை.
ஒருவருக்குப் பேனா அந்த வரியில் தீர்ந்துபோயிருந்தது.
ஒருவர் கதவைப் பாதி திறந்து,
"நான் திங்கிறதை எதுக்கு எழுதணும்?" என்றார்.
ரிக்கர் அருமைநாயகம்
பக்கத்துக் கட்டில் சிராஜுலுக்குத் துணையாக
முடிந்த மட்டும் இருந்து பார்க்கலாம் என்றிருந்தார்.
எத்தனை நாள் முடியும் என்று அவருக்கே தெரியாது.
அவர் மட்டும் சிரித்தார்:
"முதல் நாளை நீங்களே முடிவு பண்ணிட்டீங்க, சார்."

என் திரையில் பதினேழும் ஒரே மாதிரி.
ஒரு காலிக் கட்டமும் இன்னொரு காலிக் கட்டமும் சமமா என்று
வேலை பழகிய நாளில் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.
தெரியாது என்றது.
மக்கு இயந்திரம் என்று நினைத்தேன்.

வினவலில் ஒரு வாலைச் சேர்த்தேன்:
அல்லது, காலியாக இருந்தால்.
எந்தப் பட்டியலில்?
இரண்டிலும்.
செலவுக் கணக்கை நான் பார்த்துக்கறேன் என்றார் கோயா.

அத்தோடு புத்தி வந்ததென்று சொல்ல மாட்டேன்.
மூன்றாம் வாரம்
விடுப்புப் பட்டியலில் இல்லாதவர்களையெல்லாம்
பஸ்ஸில் ஏற்று என்று எழுதினேன்.
விடுப்புப் பட்டியலில் யாரோ ஒரு எண்ணை விட்டிருந்தார்கள்.
அந்தக் காலி எண் உன்னுடையதாகவும் இருக்கலாமே
என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி
அத்தனை பேரையும் திருப்பி அனுப்பியது அது.
பூஜ்யம் வரிகள்.
அதிகாலை நாலரைக்கு
இருபது பஸ்கள் ஏசியைப் போட்டுக்கொண்டு
யாருமில்லாமல் உறுமின.

கோயா அந்தப் பதினேழு பொட்டலத்தைத்
தனி மேசையில் வைப்பார், விடியுமுன்னும் மதியமும்.
மூடியில் பெயர் எழுத மாட்டார்.
சில வேளை பதினொன்று போகும், சில வேளை நாலு.
எட்டாம் நாள் அருமைநாயகம்
சஹருக்கும் வரவில்லை, மதியமும் வரவில்லை.
இஃப்தாருக்குச் சிராஜுலோடு வந்து
பேரீச்சம்பழக் கொட்டையை உள்ளங்கையில் உருட்டியபடி
உட்கார்ந்திருந்தார்.

அவர் கட்டத்தில் இப்போதாவது ஏதாவது போடலாமென்று
கர்சரை அங்கே கொண்டுபோய் வைத்தேன்.
கொஞ்ச நேரம் சிமிட்டிக்கொண்டிருந்தது.
அப்படியே மூடிவிட்டேன்.